காரின் பின்சக்கரங்களுக்கு அகலமான டிஸ்க்கும் டயரும் பொருத்தும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பெரிய வீடுகளின் கார் ஷெட்டுகளில் இன்னும் ஓடும் நிலையில் இருக்கும் அம்பாசிடர்களைப் புதுப்பிக்கும்போது, பின்பக்கம் மட்டும் அகலமான டயர் போட்டால் என்ன என்ற எண்ணம் பலருக்கும் வருகிறது. அந்த வண்டியில் எஞ்சினின் விசை பின்சக்கரங்களுக்குச் செல்வதால் இந்த எண்ணத்தில் பொருள் உண்டு. புறப்படும்போதும் வளைவிலிருந்து வேகமெடுக்கும்போதும் பின்பக்கப் பிடிமானம் கூடும். முன்சக்கரங்களால் ஓடும் இன்றைய சிறிய கார்களில் இதே மாற்றம் தோற்றத்துக்கு மட்டுமே உதவும், வளைவில் முன்பக்கம் வெளியே வழுக்கிச் செல்லும் இயல்பையும் அது கூட்டிவிடும். நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டிகளில் முன்னும் பின்னும் டயர் விட்டம் வேறுபட்டால் விசையைப் பிரிக்கும் பற்சக்கரங்கள் தேயும் என்பதால், அவற்றில் இதைச் செய்யவே கூடாது.

பணத்தைச் செலவிடும் முன் சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படி செய்யும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே எந்த அளவு வரை போகலாம் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்வதும், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும் நல்லது. டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எந்த அமைப்பையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டம் ஒருபுறமிருக்க, மழைக்காலத்தில் அது சேற்றை வாரிக் கதவின் மீதே அடிக்கும்.

இந்த வேலையில் பெரும்பகுதி அளவெடுப்பதுதான். அதற்கும் முன்னதாகப் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளைக் கவனியுங்கள். பல ஆண்டுகள் நின்ற வண்டிகளில் பட்டைகள் தொய்ந்து ஒருபக்கம் தாழ்ந்திருக்கும், அவற்றின் முனைகளிலுள்ள ரப்பர் புஷ்கள் நைந்திருக்கும். அந்நிலையில் எடுக்கும் அளவு எதற்கும் பயன்படாது. பட்டைகளைச் சரிசெய்து, புஷ்களை மாற்றி, வண்டியைச் சில நாட்கள் ஓட்டிய பிறகே அளக்கத் தொடங்க வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின்னிருக்கையில் மூவரை உட்காரவைத்து, டிக்கியிலும் சுமை ஏற்றுங்கள். நம் பக்கத்தில் குலதெய்வம் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ புறப்படும் வண்டி காலியாகப் போவதில்லை என்பதால், அந்தச் சுமையில் கிடைக்கும் இடைவெளியே உண்மையான இடைவெளி. கொத்தனாரின் தூக்குக்குண்டை மட்கார்டு விளிம்பின் உட்புறத்திலிருந்து தொங்கவிட்டால், டயரின் வெளிப்பக்கப் புடைப்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம் துல்லியமாகக் கிடைக்கும். உள்பக்கத்தில் டயருக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும், ஷாக் அப்சார்பருக்கும், பிரேக் குழாய்க்கும், உட்சுவர்த் தகட்டுக்கும் உள்ள தூரங்களைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரு பக்கச் சக்கரங்களையும் அளக்க வேண்டும். பழைய பாடிகளில் இடமும் வலமும் சில மில்லிமீட்டர் வேறுபடுவது இயல்பு.

இந்த இடைவெளிகள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எடுக்க முடியாது. பட்டை ஸ்பிரிங் ஆக்சிலோடு பிணைக்கப்பட்டு அதனுடனே அசைவதால், அங்கே 10 மி.மீ. இருந்தால் போதும். உட்சுவர்த் தகடு அப்படியல்ல. இருபுறச் சக்கரங்களையும் ஒரே திடமான ஆக்சில் இணைத்திருப்பதால், ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஆக்சில் முழுவதும் சாய்கிறது. உயர்ந்த சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சரிகிறது. சக்கரங்களுக்கு இடையே 1350 மி.மீ. தூரமுள்ள வண்டியில் ஒரு சக்கரம் 75 மி.மீ. உயர்ந்தால், டயரின் உச்சி ஏறக்குறைய 17 மி.மீ. உள்ளே போகும். ஆகவே உட்சுவர்ப் பக்கம் 25 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள். வெளிப்பக்கத்தில், வளைவுகளில் பாடி பக்கவாட்டில் சிறிது அசையும் என்பதைக் கருதி 15 மி.மீ.யாவது வேண்டும்.

கணக்கு விளங்குவதற்கு ஓர் அளவை எடுத்துக்கொள்வோம். 185/65 ஆர்15 என்ற குறியில் 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு, 15 என்பது டிஸ்க்கின், அதாவது டயர் மாட்டப்படும் சக்கரத்தின், விட்டம் அங்குலத்தில். இதன் மொத்த விட்டம் 621.5 மி.மீ. அதற்குப் பதில் 205/60 ஆர்15 போட்டால் விட்டம் 627 மி.மீ. ஆகிறது, வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் வேகமானி ஏமாற்றாது. 205/65 போட்டால் 647.5 மி.மீ. ஆகி, நான்கு விழுக்காட்டைத் தாண்டிவிடும். மூன்று விழுக்காட்டுக்குள் நிற்பதே முறை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் முன்பின் சக்கரங்களின் சுழற்சியைக் கணினி ஒப்பிடுவதால், ஒரு விழுக்காட்டை ஒட்டியே நில்லுங்கள். அகலம் கூடும்போது பக்கச்சுவர் விழுக்காடு குறைய வேண்டும் என்பதை மறந்து டயர் வாங்குவோரே அதிகம்.

டிஸ்க்கின் அகலமும் டயருக்குப் பொருந்த வேண்டும். 205/60 டயருக்கு ஐந்தரை முதல் ஏழரை அங்குலம் வரை ஏற்கத்தக்கது. ஐந்தரை அங்குல டிஸ்க்கில் இருந்த 185 டயருக்குப் பதில் ஆறரை அங்குல டிஸ்க்கில் 205 டயரைப் போட்டால், ஆஃப்செட் மாறாத வரை, உள்ளும் புறமும் தலா 12 முதல் 13 மி.மீ. வரை இடம் தேவைப்படும். ஆஃப்செட் என்பது டிஸ்க்கின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (ஆக்சில் முனையில் சக்கரம் பூட்டப்படும் பகுதியில்) பதியும் முகம் வரை உள்ள தூரம். அதை 5 மி.மீ. குறைத்தால் சக்கரம் அவ்வளவு வெளியே நகரும். உள்பக்கத் தேவை 7 அல்லது 8 ஆகவும், வெளிப்பக்கத் தேவை 17 அல்லது 18 ஆகவும் மாறும். நீங்கள் எழுதிவைத்த இடைவெளிகளோடு இவற்றை ஒப்பிட்டு, இரு பக்கமும் பொருந்தும் ஆஃப்செட்டைத் தேர்ந்தெடுங்கள். சக்கரத்தை அளவுக்கு மீறி வெளியே தள்ளினால் பேரிங் மீதான பளு கூடும்.

போல்ட்டுகளின் வட்ட விட்டத்தை நீங்களே அளந்துகொள்ளலாம். நான்கு போல்ட் ஹப்பில் எதிரெதிர் மையங்களுக்கு இடையிலான தூரமே அந்த விட்டம். ஐந்து போல்ட் என்றால் அடுத்தடுத்த மையங்களின் தூரத்தை 1.701ஆல் பெருக்க வேண்டும். நட்டின் பதியும் முகம் கூம்பா, உருண்டையா, தட்டையா என்பது டிஸ்க்கின் துளையோடு ஒத்திருக்க வேண்டும். பழைய இரும்பு டிஸ்க்கை வெட்டி, நடுவில் பட்டை வைத்து வெல்டிங் செய்து அகலமாக்கித் தரும் வேலையை ஏற்காதீர்கள். ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் இடையே வைக்கும் மலிவான ஸ்பேசர் தகடுகளையும் தவிருங்கள். பின்பக்கம் ரேடியல் டயர் (உள்இழைகள் குறுக்காக நேரே ஓடும் இன்றைய வகை) போட்டு முன்பக்கம் பழைய வகை பயஸ் டயரை (உள்இழைகள் சாய்வாகப் பின்னியது) விட்டுவைப்பதும் கூடாது என்றே சொல்வேன். அதற்கு நேர்மாறாக, முன்னால் ரேடியலும் பின்னால் பயஸும் இருப்பது ஆபத்தின் உச்சம்.

பொருத்தும்போது முன்சக்கரங்களுக்கு அடைகல் வைத்து, செம்மண் தரையாக இருந்தால் ஜாக்கியின் அடியில் தடித்த பலகை போட்டுத் தூக்கி, ஆக்சிலின் கீழே ஸ்டாண்டு வையுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த முகப்பில் இந்த வேலையைச் செய்ய நினைப்பவர், கல் விரிசல் விடும் என்பதையும் நினைத்துக்கொள்ளட்டும். ஹப் முகத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கி, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனரால்) முடியுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். மட்கார்டு டயரின் மேற்பகுதியை மூடியிருக்கும் வண்டிகளில், பஞ்சரானால் அகலமான சக்கரத்தை வெளியே எடுக்க முடிகிறதா என்பதை வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்.

பிறகு மட்கார்டின் உட்புறத்தில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து, முழுச் சுமையோடு வேகத்தடைகள் மீது மெதுவாகவும், ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படியும் ஓட்டிப் பாருங்கள். சுண்ணாம்பு அழிந்த இடத்தில் டயர் உரசுகிறது என்று பொருள். விளிம்பில் மட்டும் சிறிது உரசினால், சூடான காற்றால் பெயின்டை இளக்கிக்கொண்டு விளிம்பை உள்ளே மடிக்கலாம்; உட்சுவரில் உரசினால் ஆஃப்செட்டையே மாற்ற வேண்டும்.

காற்றழுத்தத்தைப் பின்சக்கரங்களுக்கு வண்டியின் கையேடு சொல்லும் அளவிலிருந்து தொடங்கி, டயரின் நடுப்பகுதியும் ஓரங்களும் சமமாகத் தேய்கின்றனவா என்று பார்த்துச் சீர்செய்யுங்கள். அகலமான டயர் தேங்கிய நீரின் மீது விரைவில் மிதக்கத் தொடங்கும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் திருமயம் சாலையிலும் மதுரைச் சாலையிலும் வேகத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும். முன்னும் பின்னும் டயர்களை இனி மாற்றிப்போட முடியாது. ஸ்டெப்னியாக முன்பக்க அளவையே வைத்துக்கொள்ளலாம்; பின்பக்கத்தில் அதைப் போட நேர்ந்தால், பஞ்சர் கடை வரை மட்டும் மெதுவாக ஓட்டிச் செல்லுங்கள்.