செக்கு எண்ணெய்க் கடைக்கு பிரோஷர் அடிக்கிறீர்களா? முதலில் தாளை மடியுங்கள்

டிடிபி சென்டருக்குப் போய் “செக்கு எண்ணெய்க் கடைக்கு ஒரு பிரோஷர், நல்லா பண்ணிக் குடுங்க” என்று சொன்னால் என்ன வரும் என்பதை இப்போதே சொல்லிவிடலாம். மேலே பிள்ளையார், நடுவில் இணையத்தில் எடுத்த எள்ளுப் படம், கீழே மூன்று செல்போன் எண்கள், இடையில் “தரமே எங்கள் தாரக மந்திரம்”. டிசைனர் மீது தப்பில்லை. அவர் கையில் கொடுத்த விஷயம் அவ்வளவுதான். பிரோஷர் வேலையில் முக்கால்வாசி கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். தாளை மடித்து, எந்தப் பக்கத்தில் எது வரும் என்று பேனாவால் எழுதிப் பார்த்த பிறகே டிசைனுக்குப் போக வேண்டும். இங்கே மரச்செக்குக் கடையை வைத்துச் சொல்கிறோம். தையல் வகுப்போ கேட்டரிங்கோ, அளவுகளும் அச்சு விவரங்களும் இவைதான்.

மாதிரி மடிப்பு

சின்னக் கடைக்கு ஏ4 தாளை மூன்றாக மடித்தாலே போதும். படுக்கை வாக்கில் வைத்தால் அகலம் 297 மி.மீ., உயரம் 210 மி.மீ. இதை மூன்றால் வகுத்து 99, 99, 99 என்று போட்டுவிடுவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். உள்ளே மடங்கும் பக்கம் மற்ற இரண்டையும் விட 2, 3 மி.மீ. குறைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் விளிம்பு மடிப்பில் போய் முட்டும். நடுவில் புடைத்துக்கொண்டு பிரோஷர் தட்டையாகப் படியாது. சரியான அளவு இது:

வெளிப்புறம், இடமிருந்து வலம்: உள்ளே மடங்கும் பக்கம் 97, பின்னட்டை 100, முன்னட்டை 100 மி.மீ.
உட்புறம், இடமிருந்து வலம்: 100, 100, 97 மி.மீ.

உட்புறத்தில் வரிசை திரும்புவதைக் கவனியுங்கள். இரண்டு புறமும் 97-ஐ இடப்பக்கமே வைத்துவிட்டால், உட்புறத்தில் மடிப்புக் கோடு 3 மி.மீ. நகர்ந்து எழுத்தின் மேல் ஏறும்.

ஒரு ஏ4 தாளை இந்த அளவில் மடித்து யாரிடமாவது கொடுங்கள். முன்னட்டையைத் திறந்ததும் அவருக்கு உட்புறம் முழுதும் தெரியாது. இடப்பக்கம் உட்புறத்தின் முதல் பக்கம் தெரியும். வலப்பக்கம் அந்த 97 மி.மீ. மடிப்பு நிற்கும். அதாவது அட்டைக்கு அடுத்தபடியாக எல்லோர் கண்ணிலும் படும் இடம் அதுதான். பெரும்பாலான பிரோஷர்களில் அங்கே “எங்களைப் பற்றி” என்று நிறுவனர் வரலாறு இருக்கும். நல்ல இடம் வீணாகிறது. வாங்க வருபவரின் முதல் சந்தேகத்துக்குப் பதில் அங்கே வரட்டும்.

எழுத வேண்டியது

கல்லாவில் ஒரு வாரம் நோட்டு வைத்து, வருகிறவர்கள் கேட்பதை அப்படியே குறித்து வையுங்கள். செக்கு எண்ணெய்க் கடையில் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பாக்கெட் எண்ணெயை விட ஏன் இவ்வளவு விலை? வடை சுட்டால் ஏன் நுரைத்துப் பொங்குகிறது? அடியில் கசடு நிற்கிறதே, கலப்படமா? எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? இந்தக் கேள்விகள்தான் பிரோஷரின் உள்ளடக்கம். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வரியில், கடையில் வாயால் சொல்வது போலவே பதில் எழுதுங்கள்.

விலைக்கான பதிலில் கணக்கைக் காட்டுங்கள். உங்கள் செக்கில் ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு எத்தனை கிலோ எள் போகிறது, கருப்பட்டி எவ்வளவு சேர்க்கிறீர்கள், ஆட்டிய பிறகு எத்தனை நாள் தெளிய வைக்கிறீர்கள் என்று எண்ணாகப் போட்டால் வாசிப்பவரே பெருக்கிப் பார்த்துக்கொள்வார். அளவிலும் தெளிவு வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம்தான். ஒரு கிலோ என்றால் கிட்டத்தட்ட 1.1 லிட்டர். நீங்கள் கிலோவில் விற்று, பக்கத்துக் கடை லிட்டரில் விற்றால் உங்கள் விலை காரணமில்லாமல் கூடுதலாகத் தெரியும். லிட்டரா கிலோவா என்பதை ஒவ்வோர் இடத்திலும் எழுதுங்கள்.

நுரைக்கு நேர்மையான பதில் உண்டு: சுத்திகரிக்காத எண்ணெயில் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்புப் பொருள்களும் சிறிது ஈரமும் தங்கியிருப்பதால் சூடாகும்போது நுரைக்கும். வாணலியைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், தீயைக் குறைத்து வையுங்கள் என்று கூடவே ஒரு வரி போட்டால், அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்படியில் ஒட்டுகிறவர்களும் உண்டு.

நோய் விஷயத்தில் கை வைக்காதீர்கள். “சர்க்கரையைக் குணப்படுத்தும்”, “மாரடைப்பு வராது” என்று அச்சிடுவது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டத்தில் போய் மாட்டும். அதன் பட்டியலில் சர்க்கரை நோய், இதய நோய், புற்றுநோய் எல்லாமே இருக்கின்றன. “கொலஸ்ட்ரால் இல்லாதது” என்பதும் பெருமைப்பட ஒன்றுமில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது, பக்கத்து ரீஃபைண்ட் பாக்கெட்டிலும் கிடையாது. அந்த இடத்தில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண்ணைப் போடுங்கள், அதற்கு மதிப்பு அதிகம்.

முன்னட்டைக்கு ஒரே வாக்கியம், ஒரே படம். “பாரம்பரியம், தூய்மை, ஆரோக்கியம்” என்று எந்தக் கடையும் போடலாம். “உங்கள் கண்முன்னே ஆட்டித் தருகிறோம். செவ்வாய், சனி காலை 7 முதல் 11 வரை” என்பதை, உண்மையில் அப்படி ஆட்டுகிற கடை மட்டுமே போட முடியும். பின்னட்டையில் விலாசம், நேரம், விடுமுறை நாள், ஒரே ஒரு போன் எண். எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்து அச்சிட்டால் பார்த்து அழுத்தும்போது தப்பாது. வழி சொல்ல இரண்டு அடையாளங்கள் போதும். “பழைய பஸ் ஸ்டாண்டு எதிர் சந்து” என்பது கதவு எண்ணை விட உதவும்.

விலைப் பட்டியலை பிரோஷரில் அச்சிடாதீர்கள். கடலை விலை ஏறினால் இரண்டே மாதத்தில் ஆயிரம் பிரதியும் பழசாகிவிடும். பேனாவால் அடித்துத் திருத்திய விலை, கடையின் மற்ற வார்த்தைகளையும் சந்தேகப்பட வைக்கும். பளபளப்பில்லாத மேப்லித்தோ தாளில் ஒற்றை நிறத்தில் சின்னச் சீட்டாக விலையை அடித்து உள்ளே செருகுங்கள். மாறும்போது சீட்டை மட்டும் மாற்றினால் போதும்.

எழுத்து, இடம்

100 மி.மீ. பக்கத்தில் இருபுறமும் 8 மி.மீ. விட்டால் எழுத்துக்கு மீதி 84 மி.மீ. 10 பாயின்ட் தமிழில் ஒரு வரிக்கு நான்கைந்து சொற்கள் பிடிக்கும். வரிக்கு வரி 14 பாயின்ட் விடுங்கள். ஆங்கிலத்துக்குப் போடும் 12 பாயின்ட் இடைவெளியில் மேல்வரியின் “கு”, “ழு” கால்கள் கீழ்வரியின் “கி”, “கீ” மேல்வளைவுகளோடு இடிக்கும். கணக்குப்படி ஒரு பக்கத்தில் 38 வரி அடங்கும், ஆனால் அதில் பாதிக்குக் குறைவாகவே எழுதுங்கள்: 60, 70 சொற்கள். வயதானவர்கள் கண்ணாடி தேடாமல் படிக்க வேண்டும் என்றால் 11 பாயின்ட் போடலாம். இருபுறமும் சமமாக நிரப்பாமல் இடப்பக்கம் மட்டும் ஒட்டிவிடுங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால், குறுகிய பத்தியைச் சமன்செய்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாக வெள்ளை விழும்.

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை ஆகியவை இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள். உடல் பகுதிக்கு இவற்றில் ஒன்று போதும். தலைப்புக்கு பாலூ தம்பி பொருந்தும். இரண்டுக்கு மேல் கலக்காதீர்கள். கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் தடித்த எழுத்தாக, 12 பாயின்ட்டுக்கு மேல் போடுங்கள். மெல்லிய எழுத்தின் வெள்ளைக் கோட்டுக்குள் மை இறங்கி “ண”வும் “ன”வும் ஒன்றுபோல் ஆகிவிடும்.

தமிழ் உடைவதுதான் அச்சகங்களில் அன்றாடம் நடக்கும் விபத்து. பல டிடிபி கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்கிறார்கள்; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடிலும் கவனம் வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் “கொ” உடைந்து, கொம்பு தவறான பக்கம் போய் நிற்கும். கடைசிப் பிரதியில் எழுத்துகளை கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றி அச்சகத்துக்கு அனுப்புங்கள். மாற்றாத ஃபைல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை ஒரு சொல்லைத் திருத்த முழுதும் தட்டச்சு செய்ய வேண்டிவரும்.

படம், நிறம், ஃபைல்

இணையப் படம் வேண்டாம். காலை வெயிலில் செக்கு ஓடும்போது போனிலேயே எடுங்கள். பின்னால் வெளிச்சம் வரும்படி எண்ணெய் பாட்டிலை வைத்தால் நிறம் துலங்கும். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பதால், 100 மி.மீ. அகலப் படத்துக்குக் குறைந்தது 1,200 பிக்சல் அகலம் தேவை. டிசைனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அல்ல, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கி, எள் மணிகள் கூழாகிவிடும்.

திரையில் பார்க்கும் பளீர் பச்சை அச்சில் வராது. அச்சு மை நான்கு: சயான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு. எனவே ஃபைல் இந்த நான்கு மைக்கான சிஎம்ஒய்கே அமைப்பில் இருக்க வேண்டும். கேன்வாவின் இலவசக் கணக்கில் இறக்கும் பிடிஎஃப், திரைக்கான ஆர்ஜிபி அமைப்பில் வரும். அச்சகம் மாற்றும்போது கறுப்பு எழுத்து நான்கு மையின் கலவையாகிவிடும். மைக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டும் (அச்சுத் தகடுகள்) மயிரிழை விலகினால்கூட எழுத்தைச் சுற்றிச் சிவப்போ நீலமோ நிழலடிக்கும். எழுத்துக்குக் கறுப்பு மட்டும் 100 சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம்.

தாளின் விளிம்பு வரை போகும் படமும் நிறமும் நான்கு பக்கமும் 3 மி.மீ. வெளியே நீள வேண்டும், அதாவது ஃபைலின் அளவு 303க்கு 216 மி.மீ. அப்போதுதான் வெட்டும் கத்தி அரை மி.மீ. விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியாது. எழுத்துகளும் லோகோவும் வெட்டும் கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளேயே நிற்கட்டும்.

கியூஆர் கோடுக்கு 20 மி.மீ. சதுரம் குறைந்தபட்சம், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, வெளிர் பின்னணியில் கறுப்பாக வையுங்கள். வாட்ஸ்அப் எண்ணுக்கு நேராகப் போகும் நிலையான கோடாக இருக்கட்டும். சில இலவசத் தளங்கள் தரும் கோடுகள் கொஞ்ச நாளில் செயலிழக்கும், அச்சடித்த பிரதி மட்டும் கையில் மிஞ்சும்.

தாளும் அச்சும்

130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற தாள் எடை) ஆர்ட் பேப்பர் மூன்று மடிப்புக்குக் கச்சிதம். கனமாக இருந்தால் கௌரவம் என்று 170-க்கும் மேலே போனால் மடிக்கும் முன் கிரீசிங் (மடிப்புக் கோட்டை அழுத்திப் பள்ளமாக்குவது) போட வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளை நார் தெரியும். அடர்ந்த நிறம் மடிப்பைத் தாண்டிப் போகும் டிசைனில் இது அசிங்கமாகத் தெரியும். மடிப்புக் கோட்டில் வெளிர் நிறமே வரும்படி வரைந்தால் தொல்லையே இல்லை. எண்ணெய்க் கை படும் கடை என்பதால் லேமினேஷன் செய்யத் தோன்றும். பளபள லேமினேஷனில் பேனா பிடிக்காது, ஆர்டர் எழுதித் தர இடமில்லாமல் போகும்.

சில நூறு பிரதிகளுக்கு டிஜிட்டல் அச்சு. ஆயிரத்துக்கு மேல் ஆஃப்செட். ஆஃப்செட்டில் பிளேட் செலவு 200 அடித்தாலும் 2,000 அடித்தாலும் ஒன்றுதான். முதல் முறை 200 டிஜிட்டலில் அடித்து, ஒரு மாதம் கொடுத்துப் பார்த்து, திருத்திய பிறகு ஆஃப்செட்டுக்குப் போவது நல்லது.

அச்சுக்கு ஓகே சொல்லும் முன் புரூஃபை, அதாவது மாதிரிப் பிரதியை, இரண்டு பக்கமும் அதே அளவில் எடுத்து, வெட்டி, மடித்துப் பாருங்கள். வீட்டு பிரின்டரில் என்றால் குறுகிய விளிம்பில் திருப்பும்படி அமைக்க வேண்டும், இல்லையேல் உட்புறம் தலைகீழாக வரும். எழுதாத ஒருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். புரூஃபில் உள்ள எண்ணைப் பார்த்து அழுத்தி, உங்கள் போன் அடிக்கிறதா என்று கேளுங்கள். கியூஆரை இரண்டு வேறு போன்களில் திறந்து பாருங்கள்.

யாருக்குக் கொடுப்பது

செய்தித்தாளுக்குள் வைத்துப் போட மூன்று மடிப்பு ஒத்துவராது. வழுக்கி விழும், செலவும் வீண். அதற்கு ஒற்றைத்தாள் நோட்டீஸ் போதும். பிரோஷர், நின்று கேள்வி கேட்பவருக்கு: கடைக்கு வருபவர், கேட்டரிங் நடத்துபவர், அடுக்குமாடிச் சங்கச் செயலாளர். கொடுக்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து பின்னட்டை மூலையில் குத்திவிடுங்கள். பிரோஷரோடு வந்தால் 200 மி.லி. நல்லெண்ணெய் இனாம் என்று போட்டால், எந்த எழுத்துத் திரும்பி வருகிறது என்று கல்லாவிலேயே எண்ணிக்கொள்ளலாம்.

போன் எண், நேரம், விடுமுறை போன்ற மாறக்கூடிய வரிகளை வெள்ளைப் பின்னணியில் தனிக் கறுப்பில் மட்டும் வையுங்கள். மறுபதிப்பில் அவை மாறினால், பழைய பிளேட்டுகளை அச்சகம் பத்திரமாக வைத்திருக்கும் பட்சத்தில், கறுப்பு பிளேட் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் போதும்.