எண்பத்தைந்திலும் தொடைக்குப் பலம் ஏறும்: ஒரு கதிரையோடு தொடங்குங்கள்

என் அப்பாயி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர். நிறைந்த கூடையோடு செங்குத்து மலையில் ஏறி இறங்கிய கால்கள் அவருடையவை. எண்பத்து மூன்று வயதில் இஸ்தோப்பிலிருந்த பலகையை விட்டு எழுந்திருக்கவே ஒருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று. "உழைத்த உடம்பு, இனி ஓய்வெடுக்கட்டும்" என்று அன்பாகத்தான் சொன்னோம். தண்ணீர்ச் செம்பைக்கூட நாங்களே எடுத்துக் கொடுத்தோம். மிச்சமிருந்த தசையையும் கரைத்தது அந்த ஓய்வுதான் என்பது எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

அந்த வயதில் தசை திரும்ப வளருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் செய்த ஆய்வு ஒன்று 1990இல் வெளியானது. முதியோர் இல்லத்தில் வசித்த, 86 முதல் 96 வயது வரையானவர்களுக்கு எட்டு வாரங்கள் பாரம் தூக்கும் கால் பயிற்சி கொடுத்தார்கள். அதை முடித்த ஒன்பது பேரின் தொடைப் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது பெயருக்குக் கையசைக்கும் பயிற்சி அல்ல. கண்காணிப்போடு படிப்படியாகக் கூட்டப்பட்ட உண்மையான பாரம். இங்கே சொல்லும் முறைக்கும் அதுதான் அடிப்படை.

தொடங்குமுன்

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், அண்மையில் எலும்பு முறிவு அல்லது சத்திரசிகிச்சை என்று ஏதாவது இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். கிளினிக் போகும் நாளிலேயே கேட்டுவிடலாம்.

காலை ஆறு மணிப் பனியில் தொடங்க வேண்டாம். வெயில் ஏறி, கைகால் சூடான பிறகு, பத்து மணியளவில் செய்வது நல்லது. மழை ஈரம் இல்லாத சமதரை வேண்டும். வழுக்கும் ரப்பர் செருப்பைக் கழற்றிவிடுங்கள். கைகளோ சக்கரங்களோ இல்லாத உறுதியான கதிரை ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

இன்றைய அளவை எழுதுங்கள்

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 வினாடிக்குள் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது? அதைக் கொப்பியில் எழுதுங்கள். கையூன்றாமல் ஒரு தடவைகூட முடியாவிட்டால் பூச்சியம் என்று எழுதுங்கள். அப்பாயியின் முதல் நாள் கணக்கும் பூச்சியம்தான்.

எழுவதும் உட்காருவதும்

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கதிரையின் முன் ஓரத்துக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றே பின்னால் வைக்க வேண்டும். மூக்கு பாதவிரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து, மூச்சை வெளியே விட்டபடி எழ வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

எழ முடியவில்லையா? கம்பளியை நான்காக மடித்து இருக்கையில் போடுங்கள். இருக்கை உயர்ந்தால் தொடைக்கு வேலை குறையும். பலம் கூடக்கூட ஒவ்வொரு மடிப்பாகக் குறைத்துக்கொண்டே வரலாம். அப்பாயிக்கு இரண்டு கம்பளி தேவைப்பட்டது.

உட்காரும்போது பொத்தென்று விழக் கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே இறங்க வேண்டும். பெரும்பாலானோர் இதைக் கவனிப்பதில்லை. நமக்கோ இதுதான் முக்கியம். லயத்திலிருந்து ரோட்டுக்குப் படியிறங்கும்போது உடலின் பாரத்தைத் தாங்கியபடியே தொடைத் தசை நீள்கிறது. அந்தத் தாங்கும் பலம் போனால்தான் இறக்கத்தில் முழங்கால் மடங்கிக்கொள்கிறது. மெதுவாக உட்காருவது அதே பலத்தைத்தான் வளர்க்கிறது.

எட்டுத் தடவை செய்து, இரண்டு நிமிடம் ஓய்ந்து, மறுபடி எட்டுத் தடவை. கடைசி இரண்டு தடவையும் கஷ்டமாக இருக்க வேண்டும். ஆனால் பேச மூச்சு மிஞ்சியிருக்க வேண்டும். பன்னிரண்டு தடவை இலகுவாக வந்துவிட்டால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், பாரத்தைக் கூட்டுங்கள். சிறு துணிப்பையில் அரைக் கிலோ அரிசி போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழட்டும். அடுத்த தடவை இலகுவாகும்போது இன்னும் அரைக் கிலோ.

மற்ற மூன்று

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி மெதுவாக இறக்குவது. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, முழங்கையை மடித்து, தள்ளி நிமிர்வது. ஒரு கையை மேசையில் ஊன்றிச் சற்றே குனிந்து, ஒரு கிலோப் பருப்புப் பையை மற்றக் கையால் இடுப்புவரை இழுப்பது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை. முடிவில் சமையல் மேடையைத் தொட்டபடி, ஒரு பாதத்தின் முன்னே மற்றப் பாதத்தை வைத்துப் பத்து வினாடி நிற்கட்டும்.

எத்தனை நாள்

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைப் பயிற்சியும், மூன்று நாட்கள் சமநிலைக்கான பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2020 வழிகாட்டல். நாங்கள் திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டோம். இடையில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், தசை வளர்வது அப்போதுதான். மறுநாள் தொடை வலித்தால் பயப்பட வேண்டாம். நெஞ்சு வலி, தலைச்சுற்று, தணியாத மூச்சிரைப்பு, மூட்டில் குத்துவலி வந்தால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சு வலியென்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

தட்டில் என்ன இருக்கிறது

நம் வீட்டு முதியவர்கள் ரொட்டி, சம்பல், சாயத்தண்ணீர் என்று பொழுதை ஓட்டிவிடுகிறார்கள். முட்டை இருந்தால் பேரப்பிள்ளைக்குத் தள்ளிவிடுகிறார்கள். புரதம் இல்லாமல் தசை எழும்பாது. வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாத புரதம் நாளொன்றுக்கு வேண்டும். 45 கிலோ எடைக்கு 45 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் உண்டு. பருப்பைத் தண்ணீராக வைக்காமல் கெட்டியாக வையுங்கள். அவித்த கௌபி, கடலை, பால், மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் குறையுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எட்டாவது வாரம் அதே கதிரையில் 30 வினாடிக் கணக்கை மறுபடி எடுங்கள். அப்பாயிக்கு அன்று ஐந்து வந்தது, கம்பளி இல்லாமல். இடையில் காய்ச்சலில் படுத்து இரண்டு வாரம் விட்டுப்போனால் பழைய பாரத்துக்கே திரும்ப வேண்டாம். பாதியில் தொடங்கி, கம்பளியையும் ஒரு மடிப்புப் போட்டுக்கொள்ளுங்கள்.