டிக்கெட் போடுமுன் நாள்காட்டியைக் கிழியுங்கள்: வெளிநாட்டுக்கு வானம் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் மந்தைவெளியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்திருந்தோம். எட்டு மாதமாக எங்களோடு சேர்ந்து வானம் பார்க்கும் தம்பி ஒருவர் போனை நீட்டினார். "அண்ணா, நியூசிலாந்து டிக்கெட் போட்டாச்சு. டெகாப்போ ஏரி, அஞ்சு ராத்திரி. நல்ல ஆஃபர்ல கிடைச்சுது." தேதியைப் பார்த்தேன். கீழே இறங்கிப்போய் சமையலறையில் தொங்கிய தினசரி நாள்காட்டியைக் கழற்றி வந்து அவர் கையில் கொடுத்தேன். ஐந்து இரவில் இரண்டாவது இரவு பௌர்ணமி.

அவர் முகம் வாடியதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. இதே தவறை நான் செய்து, மூன்று லட்ச ரூபாய்க்கு மேல் செலவழித்துத் திரும்பியிருக்கிறேன். அதற்குப் பிறகு இதையே செய்கிற நாலைந்து பேரைப் பார்த்துவிட்டேன். பாஸ்போர்ட், விசா, காப்பீடு எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிலாவைக் கேட்காமல் தேதி குறிப்பது

நாங்கள் நான்கு பேர் நமீபியா போனோம். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, எங்களுக்கு அலுவலக விடுப்பு, டிக்கெட் விலை, மூன்றையும் பொருத்திப் பார்த்துத் தேதி குறித்தோம். வானம் பார்க்கவென்றே நடத்தும் ஒரு பண்ணையில் ஏழு இரவுகள். "இந்தத் தேதியில்தான் அறை காலியாக இருக்கிறது, விலையும் குறைவு" என்றார் ஏற்பாடு செய்துகொடுத்தவர். ஏன் காலியாக இருக்கிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது இரவு சித்ரா பௌர்ணமி. சூரியன் மறைந்த கையோடு நிலா எழுந்தது, தலைக்கு மேலே ஏறியது, விடியும்வரை இறங்கவில்லை. கையை நீட்டினால் மணலில் ஐந்து விரலின் நிழலும் தனித்தனியாக விழுந்தது. ஐபீஸ் (டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கும் வில்லை) மேல் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த எண்ணை டார்ச் இல்லாமல் படித்தேன். அவ்வளவு தூரம் தேடிப்போன பால்வீதி, ஈரத்துணியால் துடைத்துவிட்டதுபோல் காணாமல் போயிருந்தது. பத்து மணிக்கு அம்மா வாட்ஸ்அப்பில் அழைத்தார். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை. அவர் திருவண்ணாமலையில் கிரிவலம் நடந்துகொண்டிருந்தார். "நிலா பட்டப்பகல் மாதிரி அடிக்குதுப்பா, அங்க தெரியுதா?" என்றார். தெரிந்தது. அண்ணாமலையாரை வலம்வர லட்சம் பேர் பார்த்துவைத்த தேதியை, வானம் பார்க்கிற நாங்கள் நான்கு பேரும் பார்க்கவில்லை. இன்றைக்கும் அந்தப் போன் அழைப்பை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

ஏழாவது இரவு நிலா எழுவதற்கு முன் இரண்டு மணி நேரம் இருட்டு கிடைத்தது. அவ்வளவு பணத்துக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான்.

"பௌர்ணமி இல்லையே, மூன்று நாள் தள்ளித்தானே போகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். முழுநிலா அரைநிலாவைப்போல இரண்டு மடங்கு வெளிச்சம் தராது, ஏறக்குறையப் பத்து மடங்கு தரும். பௌர்ணமி அன்று சூரியன் நமக்கு முதுகுப் பக்கம் இருப்பதால் நிலாவின் மேடு பள்ளங்களின் நிழல்கள் நம் கண்ணுக்கு மறைந்துபோகின்றன. அதனால்தான் அந்தப் பளீர். மூன்று நாள் தள்ளினாலும் நெபுலாக்கள் என்கிற மங்கலான வாயு மேகங்களைப் பார்க்க அது போதாது.

அப்படியென்றால் எந்த நாட்கள்? நிலா ஒரு நாளைக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. தேய்பிறை அஷ்டமிக்கு நள்ளிரவை ஒட்டி எழும். ஏகாதசிக்கு மேல் விடிவதற்கு மூன்று மணி நேரம் முன்னால்தான் தலைகாட்டும். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை, நாலாம் பிறை என்றால் இருட்டிய சற்று நேரத்தில் மறைந்துவிடும். ஆக, தேய்பிறை தசமியிலிருந்து வளர்பிறை திருதியை வரை எட்டு ஒன்பது இரவுகள். மாதத்தில் இந்தத் துண்டு மட்டும்தான் உங்களுடையது. இதைச் சொல்ல ஆப் எதுவும் வேண்டாம், பாக்கெட் பஞ்சாங்கம் போதும்.

ஒரு சிக்கல் வரும். இந்தத் துண்டுக்குள் போய்ச் சேர வேண்டுமென்றால் அஷ்டமி, நவமியில் விமானம் ஏற வேண்டியிருக்கும். "அஷ்டமி நவமியில கிளம்பாதே" என்று வீட்டில் பெரியவர்கள் தடுப்பார்கள். சண்டை போடாதீர்கள். சப்தமியன்று கிளம்புங்கள். சிலி போன்ற தூர தேசமென்றால் ஒன்றரை நாள் பயணத்திலேயே போகும், ஒன்றிரண்டு நாள் தூக்கம் மாறும். தசமிக்குள் உடம்பு தெளிந்துவிடும், பெரியவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

இன்னொன்று. வானம் பார்க்கும் விடுதிகளில் அமாவாசை வாரம் பல மாதம் முன்பே நிரம்பிவிடும். மலிவாகக் காலியிருக்கும் அறை பெரும்பாலும் பௌர்ணமி அறை. ஆஃபர் என்ற சொல்லைக் கேட்டால் முதலில் திதியைப் பாருங்கள். அறையை முதலில் பிடியுங்கள், பிறகு டிக்கெட், கடைசியாக விடுப்புக் கடிதம். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சூரிய கிரகணத்துக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. கிரகணமே அமாவாசையில்தான் வரும். 2028 ஜூலை 22 முழு கிரகணம் ஆஸ்திரேலியாவைக் குறுக்கே கடக்கிறது. வடமேற்கில் கிம்பர்லி பக்கம் அது மழையில்லாத காலம், இரவில் பால்வீதி மையமும் உச்சியில் நிற்கும். இப்போதே காசு சேர்க்கத் தொடங்கலாம்.

வானம் பார்க்க நல்ல இடங்கள் என்று ஐரோப்பியர் போடும் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்வது

லண்டனிலோ பெர்லினிலோ இருப்பவருக்கு ஸ்பெயினின் லா பால்மா தீவு சொர்க்கம். 1988இலிருந்து வானத்தின் இருட்டைக் காக்கத் தனிச் சட்டமே உள்ள இடம் அது. ஆனால் நாம் இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். சென்னையிலிருந்து பார்த்தால் பால்வீதி மையம் தொடுவானத்திலிருந்து 48 டிகிரி உயரம் ஏறுகிறது, லா பால்மாவில் 32 டிகிரிதான். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து நமக்கு ஏறக்குறைய 30 டிகிரி, அங்கே அதில் பாதி. ஏப்ரல், மே இரவுகளில் மாமல்லபுரம் தாண்டிப் போனால் நாம் சாதாரணமாகப் பார்க்கிற திரிசங்கு (தெற்குச் சிலுவை விண்மீன் கூட்டம்), அங்கே தொடுவானத்தோடு ஒட்டிக் கிடக்கும். தென்வானத்தைத் தேடி வடக்கே போவது நமக்கு எதற்கு?

நமக்கு உண்மையில் எட்டாதவை இரண்டு மகெல்லன் மேகங்களும் அவற்றின் அக்கம்பக்கமும்தான். பெயர்தான் மேகம், இரண்டும் நம் பால்வீதிக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன விண்மீன் மண்டலங்கள். பெரிய மேகம் சென்னையில் அதிகபட்சம் 7 டிகிரி, சின்னது 4 டிகிரி. கடற்கரைப் புகைமூட்டத்தில் தெரியாது. நமீபியாவில் பெரிய மேகம் 43 டிகிரி ஏறும், டெகாப்போவில் 64. வெறும் இருட்டு மட்டும் வேண்டுமென்றால் கடல் தாண்டவே வேண்டாம். லடாக்கின் ஹான்லே 2022 முதல் இருண்ட வானக் காப்பகம்.

தெற்கே போய்விட்டால் எல்லாம் தெரியும் என்று நினைப்பது

ஜூன் மாத முன்னிரவில் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலோ நமீபியாவிலோ பெரிய மகெல்லன் மேகம் தொடுவானத்தில் கிடக்கும். அதற்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் நமீபியாவில் மழை, அட்டகாமா மேட்டு நிலத்திலும் மேகம் கூடும். பால்வீதி மையம் உச்சியில் நிற்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை.

இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டுமென்றால் என் தேர்வு ஆடி அமாவாசை. முன்னிரவில் விருச்சிகமும் பால்வீதி மையமும் தலைக்கு மேலே, பின்னிரவில் இரண்டு மேகங்களும் தெற்கே எழும். அன்றைக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டியவர்கள் ஆவணி அமாவாசைக்கு மாற்றிக்கொள்ளலாம், பெரிய நஷ்டமில்லை.

ஓரிடத்தில் ஒரே இரவு

வேண்டாம். மேகம் உங்கள் பயணத் திட்டத்தைப் படிப்பதில்லை. குறைந்தது நான்கு இரவு.

பெரிய டெலஸ்கோப்பைச் சுமப்பது

எடைக் கட்டணம், சுங்கத்தில் கேள்வி, உள்ளே ஆடும் கண்ணாடி. நமீபியா, சிலி விடுதிகள் பலவற்றில் டாப்சோனியன் வகைப் பெரிய டெலஸ்கோப்புகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. உங்கள் ஐபீஸ்களையும் ஒரு 10×50 பைனாகுலரையும் எடுத்துப்போங்கள். புகைப்படம் எடுப்பவர் டிராக்கர் (வானம் நகர நகரக் கேமராவைத் திருப்பும் கருவி) எடுத்துப்போனால், அதைத் தென்துருவத்துக்குத் திருப்பிப் பழகிவிட்டுப் போங்கள். அங்கே துருவ நட்சத்திரம் கிடையாது. துருவத்தருகே இருக்கும் சிக்மா ஆக்டாண்டிஸ் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மங்கல் விண்மீன். அதைத் தேடுவதிலேயே இரண்டு இரவைத் தொலைத்த நண்பர் எனக்கு உண்டு. தனியாக எடுத்துப்போகும் லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் கூடாது.

பச்சை லேசர்

ஆஸ்திரேலியாவுக்கு எடுத்துப்போகாதீர்கள். ஒரு மில்லிவாட்டுக்கு மேல் என்றால் அனுமதியில்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

ஆய்வுக்கூடத்தில் வானம் பார்க்கலாம் என்று நம்புவது

சிலியின் பரனால் மலையில் மாபெரும் தொலைநோக்கிகளைச் சுற்றிக்காட்டுவார்கள். முன்பதிவு வேண்டும், பகலில்தான். அவற்றின் வழியே பார்க்கக் கிடைக்காது. நம் காவலூர் வானாய்வகத்துக்குப் போய்வந்தவர்களுக்கு ஆய்வுக்கூடம் என்றால் வேலை நடக்கும் இடம் என்று புரிந்திருக்கும். இரவுக்குத் தனி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

உயரமும் குளிரும்

சான் பெத்ரோ தெ அட்டகாமா 2,400 மீட்டர், கொடைக்கானலைவிட உயரம். அங்கே இரண்டு நாள் தங்கிய பிறகுதான் 4,000 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். தலைவலியோடு ஐபீஸில் கண் வைக்க முடியாது. பாலைவனம் என்றதும் வெயிலை மட்டும் நினைத்துப் பருத்திச் சட்டை மடிக்கிறார்கள். ஜூலை இரவில் உறைநிலையைத் தொடும். நாலு மணி நேரம் அசையாமல் நிற்கப்போகிறீர்கள். ஊட்டிக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் போதாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

கென்யா போன்ற நாடுகளுக்குப் போய்த் திரும்பினால், இங்கே இறங்கும்போது அட்டையைக் கேட்பார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும்.

முதல் இரவே பட்டியலைத் தொடங்குவது

இறங்கியவுடன் பெட்டியைத் திறந்து, பார்க்க வேண்டிய நூறு பொருளைத் துரத்தாதீர்கள். ஒரு கோரைப்பாய் எடுத்துப்போங்கள், சுருட்டினால் எடையே இல்லை. இரண்டாவது முறை அதே பண்ணைக்கு ஆடி அமாவாசைக்குப் போனபோது நான் அப்படித்தான் செய்தேன். பாயை விரித்துப் படுத்தோம். ஒளிவிளக்கு எதுவும் இல்லை, போனையும் அணைத்துவிட்டோம். அரை மணியில் கண் பழகியது. பால்வீதி வடகிழக்கிலிருந்து தென்மேற்குவரை, நடுவில் கரிய பிளவுகளோடு, கையால் தொடலாம்போல இறங்கி நின்றது. மூன்று மணி வாக்கில் தெற்கே இரண்டு வெளுத்த திட்டுகள். மேகம் வந்துவிட்டது என்று நினைத்து நகரட்டும் என்று காத்திருந்தேன். பத்து நிமிடமாயிற்று, நகரவில்லை. பக்கத்தில் படுத்திருந்த நண்பர் மெதுவாகச் சொன்னார், "அதுதான்டா."