டொமைன் வாங்கும் முன் போனில் சொல்லிப் பாருங்கள்

கடைக்கு வெப்சைட் தொடங்கப் போகிறீர்களா? யோசித்து வைத்த டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, முதலில் நாலு பேரிடம் போனில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பலகாரக் கடை வைத்திருக்கும் என் மாமா, பெயரில் 'கடலூர்' சேர்த்தார். கேட்டவர்களில் ஒருவர் 'கே' போட்டு எழுதினார்; இன்னொருவர் வெள்ளைக்காரன் காலத்து ஸ்பெல்லிங்கில் 'சி' போட்டு, 'டி' இரண்டு வைத்தார். பாண்டிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். 2006-இல் பெயர் மாறியும் பாண்டிச்சேரி, புதுச்சேரி, பாண்டி மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஊர்ப் பெயர் வேண்டும் என்றால் இரண்டு ஸ்பெல்லிங்கையும் வாங்கி, எதை அடித்தாலும் ஒரே சைட் வரும்படி ஒன்றை மற்றதுக்குத் திருப்பி விடுங்கள். நடுவில் கோடு வேண்டாம், சொல்லும்போது அது யார் காதிலும் விழாது.

டாட் காம் கிடைக்கவில்லையா? சரி, உள்ளூர் வியாபாரத்துக்கு டாட் இன் தாராளமாகப் போதும்.

அப்புறம், டொமைன் உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில்தான் பதிவாக வேண்டும். மாமாவுக்கு சைட் செய்து கொடுத்த பையன் தன் இமெயிலில் பதிந்துவிட்டு சென்னைக்குப் போய்விட்டான். புதுப்பிக்கச் சொல்லும் நோட்டீஸ் எல்லாம் அவனுக்கே போயின. முதல் வருடச் சலுகை விலையில் மயங்காமல், அடுத்த வருடம் எவ்வளவு என்று கேளுங்கள். வேண்டுமானால் 10 ஆண்டு வரை சேர்த்தே கட்டிவிடலாம்.