வேப்புக்கு மாறிய அப்பாக்கள் வீட்டுக்குள் செய்யும் தவறுகள்

சிகரெட்டிலிருந்து வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு மாறியவர் ஆலோசனைக்கு வந்தால் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். "சிகரெட்டைத் தொட்டு ஆறு மாசம் ஆச்சு சார்" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். கூட வந்த மனைவி பேசமாட்டார். எழுந்து போகும்போது மட்டும், "பிள்ளைக்கு இருமல் அப்படியேதான் இருக்குங்க" என்பார்.

இருமலுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் அடுத்து நாம் கேட்கும் கேள்விக்கு வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். எங்கே வைத்து இழுக்கிறீர்கள்? "ரூம்லதான் சார், இது ஆவிதானே."

குழந்தை முகத்தில் ஊதாதீர்கள், கர்ப்பிணி பக்கத்தில் இழுக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தே செய்கிறவர்களுக்குக் கட்டுரை உதவாது. விவரம் தெரிந்தவர்களே, பிள்ளைமேல் பாசம் உள்ளவர்களே செய்கிற தவறுகள்தான் இவை.

மொட்டை மாடியிலிருந்து ஏசி ரூமுக்கு இறங்கி வருவது

இந்த ஒன்றைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எரிச்சல் அடங்குவதில்லை. ஏனென்றால் மாறியதால் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய லாபத்தை முழுதாகத் தின்றுவிடுவது இதுதான்.

சிகரெட் காலத்தில் அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மொட்டை மாடி, தெருமுனை, டீக்கடை பெஞ்சு. "வெளியில போய்ப் பிடிங்க" என்று மாமியார்கூடச் சொல்வார், மாப்பிள்ளையும் போவார். வேப் வந்ததும் யாரும் எதுவும் சொல்வதில்லை. நாற்றம் இல்லை, சாம்பல் இல்லை, மாம்பழ வாசனை வேறு. புதுச்சேரி முத்தியால்பேட்டையிலும் கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலும் கேட்கிற கதை ஒன்றுதான்: ராத்திரி பத்து மணி, ஜன்னல் சாத்தி ஏசி ஓடுகிறது, ஏணையில் எட்டு மாதக் குழந்தை, கட்டிலில் போனைப் பார்த்துக்கொண்டே அப்பா இழுத்துக்கொண்டிருக்கிறார்.

முதல் குற்றவாளி "ஆவி" என்ற சொல்தான். சளிக்கு ஆவி பிடிப்பவர்கள் நாம். ஆவி என்றதும் வெந்நீரும் நொச்சி இலையும்தான் மனதில் வருகிறது. வேப்பிலிருந்து வருவது தண்ணீர் ஆவி இல்லை. புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், வாசனைப் பொருள்கள் இவற்றைச் சூடான கம்பிச்சுருள் பொடித்துளிகளாக்கி அனுப்புகிறது. அந்தத் துளிகள் சில நொடிகளில் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மேகம் கலைந்ததும் எல்லாம் போய்விட்டது என்று நினைக்கிறோம். திரவம்தான் காய்ந்தது. நிக்கோட்டின் அறைக்காற்றிலும், பிறகு திரைச்சீலை, தலையணை உறை, ஏணைத் துணி ஆகியவற்றிலும் தங்குகிறது.

இரண்டாவது குற்றவாளி ஸ்பிளிட் ஏசி. அது வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கிற அதே காற்றை இழுத்து, குளிரவைத்து, திரும்ப விடும். அதன் வலை தூசியைப் பிடிக்கும், நிக்கோட்டினைப் பிடிக்காது. சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. இழுக்கிற அறையில் இருக்கும் பீரோக் கண்ணாடியை இன்று நன்றாகத் துடைத்துவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து வெள்ளை டிஷ்யூவால் ஒரு கோடு இழுங்கள். தூசி மட்டும் படிந்திருந்தால் கோடு வறண்டு, சாம்பல் நிறமாக வரும். வேப் படிந்திருந்தால் டிஷ்யூ லேசாக ஒட்டி இழுபடும், கண்ணாடியில் எண்ணெய் பூசினமாதிரி தீற்றல் தெரியும். காரின் முன்கண்ணாடியிலும் உள்பக்கமாக இதே படலம் படியும். தவழ்கிற குழந்தை தரை, கட்டில் கால் என்று எல்லாவற்றையும் கையால் தொட்டு, அந்தக் கையை வாயில் வைக்கிறது. மூச்சும் பெரியவர்களைவிட வேகம்: கைக்குழந்தை நிமிடத்துக்கு 30 முறைக்கு மேல் மூச்சு விடும்.

மூன்றாவது, முடிவே இல்லாமை. சிகரெட்டுக்கு ஒரு அளவு உண்டு. பத்து இழுப்பில் சுட்டுவிரலைச் சுடும், எழுந்துவந்துவிடுவார். வேப் அணைவதில்லை. ஒரு படம் முடியும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்று போகும்.

"பிள்ளைக்குப் போற நிக்கோட்டின் சிகரெட்டைவிட 84 சதவீதம் குறைவுன்னு படிச்சேனே" என்று போனை நீட்டுபவர்கள் உண்டு. எண் சரிதான். அமெரிக்காவில் 2017 முதல் 2020 வரை, 3 முதல் 11 வயதுவரையுள்ள 1,777 குழந்தைகளின் ரத்தத்தில் கோட்டினினை அளந்தார்கள். 2024-ல் முடிவு வெளிவந்தது. உடலுக்குள் போன நிக்கோட்டின் சிதைந்து மிஞ்சுவதுதான் கோட்டினின். கட்டடத்துக்குள் சிகரெட் புகை பட்ட குழந்தைகளிடம் லிட்டருக்கு 0.494 மைக்ரோகிராம். வேப் மட்டும் பட்டவர்களிடம் 0.081. எதுவும் படாதவர்களிடம் 0.016.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 0.494 என்பது உள்ளேயே புகை பட்ட பிள்ளையின் அளவு. நீங்கள்தான் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தீர்களே! சட்டையிலும் விரலிலும் ஒட்டி வந்தது கொஞ்சம் போயிருக்கும். ஆனாலும் உங்கள் பிள்ளையின் பழைய அளவு அந்த உச்சியில் இருந்திருக்க நியாயமில்லை. படாத பிள்ளையைவிட 0.081 ஐந்து மடங்கு. வீட்டுக்குள் சிகரெட் பிடித்தவர் வீட்டுக்குள்ளேயே வேப்புக்கு மாறினால் பிள்ளைக்கு நிக்கோட்டின் குறைகிறது. மாடியில் பிடித்தவர் படுக்கையறை வேப்புக்கு மாறினால் கூடவும் கூடும்.

செய்ய வேண்டியது பழைய கட்டுப்பாட்டுக்கே திரும்புவது. மாடிக்குப் போங்கள், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். குழந்தை தூங்கும் அறை ஜன்னலுக்கு நேரே நிற்காதீர்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். விரலில் வேப்பின் லிக்விட் கசிந்திருக்கும். ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டால் கொஞ்சம் வெளியே போகும், மிச்சம் அறை முழுக்கப் பரவும். ரூம் ஸ்பிரே, ஊதுபத்தி எல்லாம் வாசனையை மறைக்கும் வேலை. ஏணைத் துணியையும் தலையணை உறையையும் வாரம் இருமுறை துவையுங்கள். படலம் படிந்த கண்ணாடி, தரை, கட்டில் கால்களை சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

காரிலும் இதேதான். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். அடக்க முடியவில்லை என்றால் கிருமாம்பாக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் போங்கள்.

லிக்விடை வேறு புட்டியில் ஊற்றி வைப்பது

புதுச்சேரியில் இது அதிகம். பாரிஸிலிருந்து லீவுக்கு வரும் மச்சான் கொண்டுவருவது 10 மில்லி புட்டி. அழுத்தித் திருகினால்தான் திறக்கும் மூடி, குழந்தைகளுக்காகவே வைத்தது. தினமும் அழுத்தித் திருகச் சலித்துப்போய், காலியான கண் சொட்டு மருந்து புட்டியில் ஊற்றிக்கொள்கிறார்கள். புட்டி டிவி ஸ்டாண்டில், பாட்டியின் கண் மருந்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். இதற்குமேல் விளக்கம் தேவையா?

அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவில் உச்சவரம்பு மில்லிக்கு 20 மி.கி. நிக்கோட்டின். 10 மில்லிப் புட்டி என்றால் 200 மி.கி. இங்கே ஒளித்து விற்கும் டிஸ்போசபிளில் (தீர்ந்ததும் தூக்கிப்போடும் வேப்) "5%" என்று போட்டிருந்தால் மில்லிக்கு 50 மி.கி. ஒரு மில்லியில் சுமார் 20 சொட்டு. அதாவது சொட்டுக்கு 2.5 மி.கி. சின்னக் குழந்தைக்கு 1, 2 மி.கி. போனாலே வாந்தி வரும். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் 2014-ல் ஒரு வயதுக் குழந்தை இந்தத் திரவத்தை விழுங்கி இறந்தது. 2016-ல் அமெரிக்கா முழுக்கக் குழந்தை திறக்க முடியாத மூடி சட்டமானது.

வாயில் போய்விட்டது என்று தெரிந்தால்:

வாயை ஈரத்துணியால் துடையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், தொண்டையில் விரல் விடுவது எதுவும் கூடாது. வலிப்பு வந்தால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தோலில் கொட்டியிருந்தால் உடுப்பைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உள்ளே போகும். வாந்தி, எச்சில் வழிதல், முகம் வெளுப்பு, வியர்வை எல்லாம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். "வாந்தி எடுத்துட்டான், எல்லாம் வெளியில வந்துடுச்சு" என்று படுக்கவைத்துவிடுவதுதான் ஆபத்து. துவண்டுபோவது, வலிப்பு, மூச்சு பலவீனம் இவை அதற்குப் பிறகு வருபவை. 108-ஐக் கூப்பிடுங்கள். புதுச்சேரியில் ஜிப்மர் அவசரப் பிரிவு, கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை. புட்டியைக் கையோடு எடுத்துப்போங்கள், என்ன லேபிள் இருந்தாலும். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

காலையில் சிகரெட், ராத்திரி வேப்

மாறியதாகச் சொல்கிறவர்களில் பலர் மாறவில்லை, சேர்த்துக்கொண்டார்கள். டீக்கடையில் நாலு சிகரெட் தொடர்கிறது, வீட்டில் வேப் புதிதாக வந்திருக்கிறது. பிள்ளைக்குச் சட்டை வழியாகப் பழையதும், காற்று வழியாகப் புதியதும் கிடைக்கிறது.

"நிக்கோட்டின் ஜீரோ" லேபிளை நம்புவது

யார் அச்சடித்த லேபிள்? இந்தியாவில் இ-சிகரெட் விற்பனையே சட்டவிரோதம். அதனால் சோதிக்கிறவர் கிடையாது, புகார் கொடுக்க இடமும் கிடையாது. கள்ளச்சாராயத்தில் என்ன கலந்தது என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரியவரும். இதுவும் அந்த வகைதான். 2019-ல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்கு நுரையீரல் கெட்டு, 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திருட்டுச் சரக்கு. அதில் ஊற்றியிருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. சாதாரண நிக்கோட்டின் வேப்போடு அதைப் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை. ஆனால் கள்ளச்சந்தைப் புட்டிக்குள் இருப்பதை லேபிள் சொல்லாது என்பது மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

எல்லை தாண்டினால் சட்டம் மாறும் என்று நினைப்பது

தமிழ்நாடு, புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் மது பாட்டில் விலைதான் மாறும். இ-சிகரெட் தடை 2019-ன் மத்தியச் சட்டம்; செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றே. முதல் தடவை விற்றால் ஓராண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் 6 மாதம்வரை சிறை, 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்குமதியும் தடை. மச்சானிடம் சொல்லிவிடுங்கள்.

ஏணைக்குப் பக்கத்து பிளக்கில் சார்ஜ் போடுவது

வேண்டாம்.

பிள்ளையிடம் "இது அப்பாவோட மருந்து" என்பது

மருந்து என்றால் சளி பிடித்தால் தனக்கும் உண்டு என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும்.

கம்மை மிட்டாய் மாதிரி மெல்லுவது

வேப்பையும் விட்டுவிடலாம் என்று வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இது. மருந்துக்கடையில் 2 மி.கி. நிக்கோட்டின் கம் வாங்கி, டீ குடித்த வாயோடு போட்டு, மடமடவென்று மென்று, விக்கல் எடுத்து, "இது எனக்கு ஒத்துக்கல" என்று தூக்கிப்போடுகிறார்கள்.

மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை மெல்லுங்கள். காரமாகக் கூச்சம் வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். கூச்சம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், மறுபடி வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம் அரை மணி நேரம். டீ, காபி, ஜூஸ் குடித்து 15 நிமிடம் ஆன பிறகே போட வேண்டும்; வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் ஏறாது. நெஞ்சுவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800 112 356, கட்டணமில்லை. தமிழிலேயே பேசலாம்.

மென்று முடித்த கம்மிலும், தோலில் ஒட்டிக் கழற்றிய நிக்கோட்டின் பேட்ச்சிலும் நிக்கோட்டின் மிச்சம் இருக்கும். பேட்ச்சை ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடியுங்கள், கம்மைக் காகிதத்தில் சுருட்டுங்கள். மூடியுள்ள குப்பைத் தொட்டியில், தவழும் கை எட்டாத உயரத்தில் போடுங்கள்.