டிஃபரன்ஷியல் பிளக்குக்கு ஒரு வளையம்

போடி பக்கம் ஏலத்தோட்டப் பாதையில் ஜீப் ஓட்டுகிறேன். பின்பக்க டிஃபரன்ஷியலின் (பின் சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) அடியில், ஆயில் வடிக்கும் திருகு மூடியான டிரெயின் பிளக்தான் கல்லில் முதலில் உரசும். தலை மழுங்கி, ஸ்பானர் வழுக்கி, கடைசியில் உளி வைத்துத் தட்டித்தான் கழற்றினேன். உள்ளே இருந்த 90 ஆயில் (கியர் ஆயில்) எத்தனை நாளாகக் கசிந்ததோ, நினைக்கவே பதறியது.

பழைய இரும்புப் பைப்பில் ஒரு வளையம் அறுத்தேன். பிளக் தலையைவிட 5 மில்லிமீட்டர் உயரம், சாக்கெட் நுழையும் அகலம், சேறு வழிய ஒரு பக்கம் வெட்டு. ஆயிலை வடித்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வளையத்தைப் பிளக்கைச் சுற்றி டிஃபரன்ஷியலின் வெளிக்கூட்டில் வைத்து, விட்டுவிட்டு வெல்டிங் வைத்தோம். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை அந்தக் கூட்டிலேயே, அதாவது அச்சு உறையிலேயே, பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைப் பாழாக்கிவிடும். வார்ப்பிரும்பு உறை என்றால் இந்த வேலையே வேண்டாம், விரிசல் விடும்.

அப்புறம் புது பிளக், புது செம்பு வாஷர். இப்போது கீறலெல்லாம் வளையத்தின் விளிம்பில்தான். பிளக்கின் ஆறு முனையும் அப்படியே இருக்கின்றன.