மீன் தொட்டியின் தலையில் கீரை

மீன் தொட்டியில் செடி வளர்க்க என்ன வாங்க வேண்டும் என்று யாராவது கேட்டால், தொட்டி எத்தனை நாளாக ஓடுகிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். போன வாரம் தண்ணீர் நிரப்பிய தொட்டி என்றால் செடியைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். மீன் வெளியேற்றும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இந்த நைட்ரேட்தான் செடிக்கு முக்கியச் சாப்பாடு. பில்டர் பஞ்சிலும் கல்லிலும் இந்தக் கூட்டம் நிலைகொள்ள வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம், நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்று தெரிந்தால் தொட்டி தயார்.

ஆரம்பத்துக்கு மணி பிளான்ட்டை மிஞ்சியது இல்லை. இலை, கணு இருக்கிற கொடியாகப் பார்த்து வெட்டி, ஒரு கணுவாவது தண்ணீருக்குள் இருக்கும்படி, தொட்டிக்கு வெளியே தொங்கும் பில்டர் பெட்டியில் சொருகுங்கள். இலை நனையக் கூடாது; நனைந்த இலை அழுகி, அந்த அழுகல் திரும்ப அமோனியாதான். ஓரிரு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளையாக ஒரு முனை எட்டிப்பார்க்கும். அப்புறம் அதில் பக்க வேர்கள் கிளைத்து, மிதந்து வரும் பழுப்புத் தூசியெல்லாம் அதில் படிய ஆரம்பிக்கும். அழுக்காகத் தெரிந்தாலும் அப்படியே விடுங்கள், அந்தத் தூசியிலும் பாக்டீரியா குடியிருக்கிறது. வேர் பம்ப்புக்குள் நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதும். நுழைகிற அளவு நீண்டால் கத்தரிக்கலாம், செடி கோபித்துக்கொள்ளாது.

சிங்கோனியம், பீஸ் லில்லி, ஸ்பைடர் பிளான்ட் எல்லாமும் இப்படி வரும். மண்ணில் வளர்ந்த செடியென்றால் வேரை ஓடும் தண்ணீரில் பிடித்து மண் துளி இல்லாமல் கழுவ வேண்டும். பழைய வேரில் கொஞ்சம் பழுப்பாகிக் கொழகொழப்பாகும், அதை வெட்டிவிடுங்கள். தண்ணீருக்கென்று புது வேர் வரும். மணி பிளான்ட், சிங்கோனியம், பீஸ் லில்லி மூன்றின் இலையும் கடித்தால் வாய் எரியும், அதனால் பூனையும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் எட்டாத உயரம் வேண்டும். தங்கமீன் வேரை மேயும் ரகம். அதன் தொட்டியில் வேரைச் சுற்றி வலை கட்டுவது நல்லது.

காய்கறிக்கு வருவோம். லெட்டூஸ், பேசில், புதினா போன்றவை சுலபம். தக்காளி, மிளகாய் வேண்டாம் என்பேன். பூத்துக் காய்க்க அவற்றுக்கு வேண்டிய பொட்டாசியத்தையும் வெளிச்சத்தையும் வீட்டுத் தொட்டி கொடுக்காது. வெறும் இலைக்காட்டில் போய் முடியும்.

விதையை ஈரப் பஞ்சில் முளைக்கவிட்டு, மூன்று நான்கு இலை வந்ததும் வலைக் கோப்பையில் (வேர் வெளியே வர ஓட்டைகள் உள்ள சின்னத் தொட்டி) வைத்துச் சுற்றிலும் சுட்ட களிமண் உருண்டைகளை நிரப்புங்கள். உருண்டைகளை முன்பே நன்றாக அலசாவிட்டால் தொட்டி செந்நிறமாகக் கலங்கும். கோப்பையின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். தண்டின் கழுத்து மூழ்கினால் அழுகல் நிச்சயம்.

நாலைந்து கோப்பைக்கு மேல் ஆசைப்பட்டால் அவற்றை வைக்கத் தொட்டிக்கு மேலே ஒரு தட்டு, அதற்குத் தண்ணீர் ஏற்றத் தொட்டிக்குள்ளே ஒரு சிறிய பம்ப். இங்கே மூன்று விஷயத்தில் நான் கறார். தட்டிலிருந்து இறங்கும் குழாய், ஏறும் குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வேர் அடைத்தாலும் தண்ணீருக்கு வழி வேண்டுமே. கரண்ட் போனால் தட்டிலிருந்து கீழே வரும் தண்ணீரைத் தாங்கத் தொட்டியின் மேல்பக்கம் இடம் விட்டிருக்க வேண்டும். பம்ப் தரையில் உட்காராமல் பாதி உயரத்தில் இருக்க வேண்டும். தட்டு ஒழுகினாலும் பம்ப் மட்டம் வரைதான் தண்ணீர் போகும், மீன் தப்பிக்கும். ஒயர்களைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

தொட்டி விளக்கு கீரைக்குப் போதாது. இலைக்கு மேலே ஒரு தனி எல்இடி விளக்கு, தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல். அந்த வெளிச்சம் தண்ணீரில் விழாமல் தட்டை மூடுங்கள், இல்லையென்றால் பாசிதான் அறுவடை. தொட்டி விளக்குக்கு 6 முதல் 8 மணி நேரம் தாராளம்.

மீன் தீவனத்தில் இரும்பும் பொட்டாசியமும் செடிக்குப் போதுமான அளவு இருக்காது. இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. அடி இலையின் ஓரம் கருகினால் பெரும்பாலும் பொட்டாசியம். இரும்புக்கு டிடிபிஏ வகை கீலேட் (இரும்பைத் தண்ணீரில் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்மம்) வாங்குங்கள். பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 7-ஐ ஒட்டிய தண்ணீரில் ஈடிடிஏ வகையைவிட இது நிற்கும். மண்ணுக்குப் போடும் யூரியா கலந்த உரம் ஒரு சிட்டிகைகூட வேண்டாம், மீனுக்கு ஆபத்து. செடி வளரவில்லையே என்று தீவனத்தை அள்ளிப் போடுவதும் அதே கதைதான். இரண்டு நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கிற அளவு போதும்.

பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மை கரைந்து, பிஎச் மெல்ல இறங்கும். 6.5-க்குக் கீழே போக விடாதீர்கள். பில்டரில் கொஞ்சம் சிப்பி ஓட்டுத் துண்டு போட்டால் தாங்கும். செடி வைத்தாயிற்று, இனி தண்ணீர் மாற்ற வேண்டாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. நைட்ரேட் குறையும், சரி. செடி தொடாத உப்புகள் சேர்ந்துகொண்டேதானே இருக்கும்? மாற்றுங்கள், இடைவெளியை வேண்டுமானால் கூட்டிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரினை மருந்து போட்டு நீக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

அசுவினி (இலைச்சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) வந்தால் தெளிப்பு மருந்து எதுவும் கூடாது, வேப்பெண்ணெயும் சேர்த்துத்தான். கோப்பையை வெளியே எடுத்துக் குழாயடியில் இலையின் அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துக் கழுவுங்கள். தப்பித் தொட்டியில் விழுகிற பூச்சியை மீன் பார்த்துக்கொள்ளும். மீனுக்கு நோய் என்றால் அதைத் தனித் தொட்டிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள். மருந்து கலந்த தண்ணீரில் வளர்ந்த கீரையைச் சாப்பிடக் கூடாது.

அறுவடையில் லெட்டூஸை வேரோடு பிடுங்காமல் வெளி இலைகளை மட்டும் கிள்ளுங்கள், நடுக்குருத்து தழைத்துக்கொண்டே இருக்கும். தொட்டித் தண்ணீர் இலையில் படாமல் பார்த்துக்கொண்டாலும், கழுவிவிட்டே சாப்பிட வேண்டும். எல்லாக் கோப்பையையும் ஒரே நாளில் காலி செய்தால் நைட்ரேட் சட்டென்று ஏறும். ஒன்றை எடுக்கும் நாளில் அடுத்த நாற்று பஞ்சில் தயாராக இருக்கட்டும்.